அமீன் பிடித்த கேஸ்

லாரி வராத காலை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால், "மேடம், உங்க சர்வீஸ்ல ரொம்ப டென்ஷனான நாள் எது?" என்று கேட்பார்கள். வால்வு பிய்த்துக்கொண்டது, கம்ப்ரஸர் வெடித்தது என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் சொல்வது வேர்க்கடலைத் தோல் வராமல் போன ஒரு காலையைப் பற்றி.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. வடசென்னையில் மணலிக்கும் மாத்தூருக்கும் இடையில் ஒரு தனியார் கம்பெனியின் சோதனை யூனிட்டில் நான் லேப் அனலிஸ்ட். பெயர் செல்வி, வீடு வியாசர்பாடியில், வேலை கான்ட்ராக்டில். அன்றைக்கு வெளியிலிருந்து ஒரு மேடம் எங்கள் யூனிட்டைப் பார்த்து மதிப்பிட்டு எழுத வருவதாக இருந்தது. அவர் சரி என்று எழுதினால் யூனிட் தொடரும். இல்லாவிட்டால், "டவரைப் பிரிச்சு காயலான் கடையில போட்டுட்டு வேற வேலையப் பாப்பேன்" என்று ஓனர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர் அவர்.

எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தது பாய்லர் பார்க்கும் தாஸ் அண்ணன்தான். விம்கோ நகர் பக்கம் அவர் வேலை செய்த பழைய ஆலையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு நெடுநாள் வீட்டில் உட்கார்ந்திருந்து, கடைசியில் கிடைத்த வேலை இது. இரண்டாவது முறையும் கேட்டுக்கு வெளியே நிற்கிற தெம்பு அவரிடம் இல்லை.

தினமும் காலையில் வேர்க்கடலைத் தோல் ஏற்றிய லாரிகள் எங்கள் கேட்டில் வரிசையாக நிற்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் மிச்சம் பாய்லருக்குள் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் செய்த வேலை

இங்கே கொஞ்சம் நிறுத்தி, என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடலைத் தோலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும்.

பாய்லரில் கடலைத் தோலை எரிப்போம். ஸ்டீம் பக்கத்து ஆலைக்குப் போகும். புகையை மட்டும் நாங்கள் அப்படியே வானத்துக்கு விடமாட்டோம். அதைக் கழுவி, குளிர வைத்து, உயரமான ஒரு டவருக்குள் கீழிருந்து ஏற்றுவோம். மேலிருந்து அமீன் என்கிற கரைசல் மழை மாதிரி இறங்கும். புகையில் இருக்கிற கரியமில வாயுவை அமீன் பிடித்துக்கொள்ளும். அந்தக் கரைசலைப் பக்கத்து டவரில் சூடு காட்டினால், பிடித்ததை எல்லாம் கக்கிவிடும். கக்கியதை அழுத்தி சிலிண்டரில் அடைப்போம்.

முதல் நாள் மேனேஜர் இதை விளக்கியபோது, "போலீஸ் ஸ்டேஷன்ல நடக்கிற மாதிரியே இருக்கே சார்" என்றேன். அவர் கும்பகோணத்துக்காரர். சிரிக்கவில்லை.

கடலைத் தோலுக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்றால், கடலைச் செடி வளரும்போது காற்றிலிருந்துதான் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. எரித்தால் எடுத்தது திரும்பக் காற்றுக்குப் போய்விடும். நடுவில் மறித்துப் பிடித்து, வெளியே வராதபடி வைத்துவிட்டால், காற்றில் அந்த அளவுக்குக் கரியமில வாயு குறையும். நிலக்கரியை எரித்து அதே மாதிரிப் பிடித்தால் காற்றில் எதுவும் குறையாது, புதிதாகச் சேராது, அவ்வளவுதான். வருகிற மேடம் இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் தேடி வந்தார். எரிப்பது நிஜமாகவே செடியிலிருந்து வந்ததுதானா? பிடித்தது திரும்ப வெளியே போகாமல் இருக்கிறதா?

இரண்டாவது கேள்வியை நாங்கள் யாரும் அதுவரை சரியாக யோசித்திருக்கவில்லை.

ஒரே சொல்லு, ஒரே பேஜாரு

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மேனேஜர் எங்களுக்கு ஒரு மந்திரம் சொல்லிக் கொடுத்திருந்தார். "அமீன் கேஸைப் பிடிக்கும். பிடிச்ச கேஸை நாம விடக் கூடாது. இதுதான் நம்ம வேலை."

தமிழில் சிலிண்டரில் இருப்பதும் கேஸ், ஸ்டேஷனில் போடுவதும் கேஸ். இது போதாதென்று, கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்ய வருகிற ஆளை எங்கள் பக்கம் அமீனா என்பார்கள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு வடசென்னையில் ஒரு யூனிட் நடத்தியது யார் செய்த பாவமோ தெரியவில்லை.

என் அம்மா அக்கம்பக்கத்தில், "எம் பொண்ணு கேஸ் புடிக்கிற ஆபீஸ்ல கீறா" என்று பெருமையாகச் சொல்லி வைத்தார். எதிர்வீட்டு அக்கா மறுநாளே ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு சமையல் கேஸ் கனெக்‌ஷன் கேட்டு வந்துவிட்டார். தெருமுனையில் ஆட்டோ ஓட்டுகிற பையன் ஒருநாள் என்னை மடக்கினான்.

"யக்கா, சிக்னல்ல எம்மேல ஒரு கேஸ் போட்டுகிறான். உன்னால எட்த்துட முடியுமா?"

"எடுத்துடலாம்டா. ஆனா மொதல்ல உன்னைக் கழுவி, குளுர வெச்சு, டவர்ல ஏத்தணும். அப்பால சூடு காட்டணும்."

அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவன் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

முனுசாமி சொன்ன உண்மை

அந்தக் காலைக்கு வருகிறேன். லாரிகளைக் காணாமல் தாஸ் அண்ணன் கேட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். வாட்ச்மேன் முனுசாமி, தேய்த்த யூனிஃபார்மும் புதுத் தொப்பியுமாக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா முனுசாமி, ஒரு வண்டியும் காணோம்?"

"வந்துச்சேப்பா, மூணு வண்டி. பேசிகினே இருந்தானுங்க, திடீர்னு ரிவர்ஸ் எட்த்துகினு பூட்டானுங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது? உள்ளதத்தான் சொன்னேன். இன்னிக்கு பெரிய மேடம் வர்றாங்க, உள்ள அமீன் கேஸ் புடிக்கிறதப் பாக்கப் போறாங்க, வண்டிய ஒயுங்கா நிறுத்துங்கன்னேன்."

தாஸ் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடலைத் தோல் பஞ்சு மாதிரி லேசு. அதனால் லாரிக்காரர்கள் அதைப் பெர்மிட்டில் சொன்ன உயரத்தைப் பார்க்காமல் டிரைவர் தலைக்கு மேலே மலையாகக் குவித்து, தார்பாயைக் கட்டி எடுத்து வருவார்கள். பெரிய மேடம், அமீன், கேஸ் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் அவர்கள் எப்படி நிற்பார்கள்?

மேனேஜர் பதறிப்போய் சப்ளையருக்கு போன் போட்டார். "ஐயா, இது வேற கேஸ்யா!"

"எந்த கேஸா இருந்தா இன்னா சார்? நமக்கு வோணாம்" என்று அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

மேனேஜர் எங்களை பாய்லருக்குப் பின்னால் அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நிலக்கரி யார்டு. "தாஸ், ஒரே ஒரு நாள். பக்கத்துல கேட்டு நாலு கூடை கரி வாங்கிப் போடுவோம். மேலாக மிச்சத் தோலைத் தூவிடலாம். யாருக்குத் தெரியப்போறது?"

வேலை போய்விடுமோ என்று மற்ற எல்லோரையும்விடப் பயந்த மனிதரிடம்தான் அவர் இதைச் சொன்னார். தாஸ் அண்ணன் பாய்லர் கதவைத் திறந்து உள்ளே காட்டினார்.

"போடலாம் சார். ஆனா கல்லுக்கரி சூட்டுக்கு அடுப்புல கீற நம்ம கிரேட் கம்பி உருகி ஒயுகிடும். அப்பால பாய்லரே இருக்காது."

ஒரு நாளில் உருகிவிடாது என்று எனக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பினார். நானும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஆமா சார், உருகிடும்" என்றேன். மேனேஜர் மிரண்டு போய்க் கரியை மறந்தார்.

அவர் நகர்ந்ததும், "ஏண்ணா அப்படி சொன்ன?" என்று கேட்டேன்.

"பெரிய பொய் சொல்லாம இருக்கறதுக்கு ஒரு சின்ன பொய் சொல்ல வேண்டியதாப் பூட்சி, தங்கச்சி."

மச்சான் வீட்டு உமி

காசிமேட்டுத் துறைமுகத்தில் தாஸ் அண்ணனின் மச்சானுக்கு ஒரு ஐஸ் யார்டு உண்டு. ஐஸ் பாளம் உருகாமல் இருக்க உமியைக் கொட்டி மூடி வைப்பார்கள். பழைய உமியைப் பின்பக்கம் தள்ளி மலையாகக் குவித்திருந்தார்கள். உமியும் செடியிலிருந்து வந்ததுதானே? தாஸ் அண்ணன் ஒரு மினி டெம்போவில் போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

டெம்போ வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. பல காலம் மீனோடு ஒட்டி உறவாடிய உமி அது.

"எரிஞ்சா வாடை பூடும்" என்றார் தாஸ் அண்ணன்.

புத்தகமும் அதையேதான் சொல்லும். ஆனால் உமி ஈரமாக இருந்தது. எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். வாடையை உறிஞ்ச வேண்டிய ஃபில்டரும் ஏற்கனவே சோர்ந்து போயிருந்தது. அழுகின முட்டை நாற்றம் தவிர வேறு எதையும் அறியாத மணலியில், அன்றைக்கு முதன்முதலாகச் சாப்பாட்டு வாசனை பரவியது. பக்கத்து ஆலைக்காரர்கள் இரண்டு பேர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாப்பா, கேன்டீன்ல கருவாடா?" என்று கேட்டார்கள்.

மேடம் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், கைத்தறிப் புடவையும் சேஃப்டி ஷூவுமாக. வந்ததும் கேட்டைப் பார்த்தார், காலியாகக் கிடந்த தோல் கொட்டகையைப் பார்த்தார், அப்புறம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த நிலக்கரி மலையைப் பார்த்தார்.

"ஏனுங்க, கடலைத் தோல் ஒரு லோடு கூடக் காணோம். பாய்லர் மட்டும் ஜோரா ஓடுதுங்களே?"

"இன்னைக்கு உமி மேடம்" என்றார் மேனேஜர்.

"உமி எங்கீங்க?"

மூலையில் ஒரு கூடை மிச்சம் இருந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டுக் கைப்பிடிக் கம்பியை விரலால் தேய்த்தார். விரல் கருப்பானது.

"அது பக்கத்து யார்டு தூசி மேடம். காத்துல வர்றது."

"போற எடத்துல எல்லாம் இதையேதாங்க சொல்றாங்க." பிறகு மூக்கைச் சுளித்து என்னிடம் கேட்டார். "அமீன் ஏதாச்சும் லீக்குங்களா? மீன் வாடை அடிக்குது."

அமீனுக்கு இயல்பாகவே லேசான மீன் வாடை உண்டு. அதனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். "லீக் இல்லீங்க மேடம்" என்றேன்.

"பேர்லயே மீன் கீதே மேடம்" என்றார் பின்னாலிருந்து முனுசாமி. யாரும் சிரிக்கவில்லை.

லாரி கதையைச் சொன்னால் மானம் போய்விடும் என்று மேனேஜர் எங்கள் வாயைக் கட்டிவைத்திருந்தார். மேடம் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எரிச்சது செடியா, நிலக்கரியான்னு கேஸை வெச்சே கண்டுபுடிக்கிற டெஸ்ட் இருக்குதுங்க. வெளியூர் லேபுக்கு அனுப்பணும், நாளாகும். அது வரைக்கும் நான் சந்தேகம்னுதான் எழுத முடியும்."

நாளானால் ஓனர் காத்திருக்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். தாஸ் அண்ணன் தன் கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் முடிந்த ஆள் மாதிரி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பாய் வைத்த டெஸ்ட்

அந்த நேரம் பார்த்து ரஹீம் பாயின் டிரை சைக்கிள் உள்ளே வந்தது.

ராயபுரத்தில் கோலி சோடா போடுகிறவர் பாய். எங்களுடைய கேஸ் சிலிண்டர்களை எடுத்துப் போகிறவரும் அவர்தான். என் லேப் ரிப்போர்ட்டை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. கையால் சுற்றுகிற சின்ன சோடா மெஷினை வண்டியிலேயே கொண்டுவருவார். எங்கள் சிலிண்டரிலிருந்து கேஸை ஏற்றி, இரண்டு பாட்டில் சோடா போட்டு, ஒன்றை அங்கேயே குடிப்பார். குடித்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பார். ஏப்பம் வந்தால்தான் சிலிண்டர் வண்டியில் ஏறும். அவர் ஏப்பம்தான் எங்களுக்கு குவாலிட்டி சர்டிஃபிகேட்.

"பாய், இன்னைக்கு டெஸ்ட் வேண்டாமே" என்று மேனேஜர் கெஞ்சினார்.

"இன்னா சார் நீ? டெஸ்ட் பண்ணாம எட்த்துகினு போய் கஸ்டமர் கைல அடி வாங்க சொல்றியா?"

மெஷினைச் சுற்றினார். கோலியைத் தட்டினார். மடமடவென்று குடித்தார். வானத்தைப் பார்த்தார். வழக்கமாக நீளமாக வருகிற ஏப்பம் பாதியில் நின்றது. முகம் கோணியது.

"இன்னாம்மா செல்வி இது? கேஸ்ல நெத்திலி கீது!"

மேடம் கையை நீட்டினார். பாய் தயங்கித் தயங்கி இன்னொரு பாட்டிலைக் கொடுத்தார். மேடம் குடித்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஒரு மரியாதையான ஏப்பம் விட்டார்.

"கருவாடுங்க" என்றார்.

"நெத்திலிம்மா."

"நெத்திலியும் கெடையாது, கருவாடும் கெடையாது" என்று தாஸ் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் மச்சான் யார்டுல வஞ்சிரமும் எறாவும்தான் வெப்பான். நெத்திலிய உள்ளயே சேக்கமாட்டான்!"

"எந்த யார்டுங்க?" என்றார் மேடம்.

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? முனுசாமி சொன்னது, லாரிகள் ஓடியது, காசிமேட்டு உமி, எல்லாவற்றையும் நான் கொட்டிவிட்டேன். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். மேடம் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த கூடையைக் கொண்டுவரச் சொன்னார். உமியை ஒரு கை அள்ளி முகர்ந்தார், பாட்டிலை முகர்ந்தார், மறுபடி உமி, மறுபடி பாட்டில். பிறகு காசிமேட்டு மச்சானுக்கு அவரே போன் போட்டு, காலையில் எவ்வளவு உமி போனது என்று கேட்டுக்கொண்டார்.

"நான் எத்தனையோ நிலக்கரி பார்த்திருக்கேனுங்க. எதுவும் வஞ்சிர வாடை அடிச்சதில்லை. செடியிலிருந்து வந்த கேஸ்தான். எழுதிக்கறேன்."

தாஸ் அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முனுசாமி மேடத்துக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"இருங்க, இருங்க" என்றார் மேடம். "பாய், இந்த சோடாவைக் குடிக்கறவங்க ஏப்பம் விட்டா, கேஸ் எங்கீங்க போகும்?"

"வெளியதாம்மா. உள்ளயே இருந்தா வவுறு இன்னாத்துக்கு ஆவறது?"

மேடம் எங்கள் பக்கம் திரும்பினார். அப்போதுதான் முதன்முறையாக அவர் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அமீன் கேஸைப் புடிச்சது நிஜம். நல்ல கேஸ்தான், என்னோட ஏப்பமே சாட்சி. ஆனா காலையில புடிச்ச கேஸைச் சாயங்காலமே ஜாமீன்ல விட்டுட்டீங்களேங்க! இதுக்குப் புடிக்காமயே இருந்திருக்கலாமே?"

அத்தனை நாள் டவரையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிலிண்டர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. வண்டி வெளியே போனதும் எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"புடிச்சதை உள்ளே போட ஒரு வழி பண்ணுங்க. அதுக்குக் கொஞ்சம் டைம் கொடுக்கலாம்னு எழுதறேன். திரும்ப வந்து பார்ப்பேனுங்க" என்றார்.

உள்ளே போட்டது

டைம் கிடைத்ததில் ஓனர் காயலான் கடையைத் தள்ளிவைத்தார். நாங்கள் வழி தேடினோம். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் மலையாகக் கிடந்தது. வெல்டிங் கேஸ் தயாரிக்கும் இடங்களில் சுண்ணாம்புச் சேறு வேண்டாத கழிவாகக் கிடந்தது. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு காற்றுப் பட்டு இறுகுவது எல்லோருக்கும் தெரியும். இறுகுவதற்குக் காரணமே கரியமில வாயுதான். அது சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகிவிடும், பிறகு வெளியே வராது. சாம்பலையும் சேற்றையும் பிசைந்து அச்சில் போட்டு, மூடின அறைக்குள் அடுக்கி, எங்கள் கேஸை உள்ளே விட்டோம்.

முதல் கல்லைக் கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. "பர்பி நல்லா வந்துகீது" என்றார் பாய். ஈரம் கூட, ஈரம் குறைய என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு வழியாகக் கல் கல்லாக வந்தது.

மேடம் சொன்னபடி திரும்ப வந்தார். கல்லைத் தட்டினார், தண்ணீரில் போட்டார், சும்மா கிடந்தாலும் அந்தச் சேறு காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவை இழுத்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டுதான் மதிப்புப் போடுவேன் என்று கறாராகச் சொன்னார். கடைசியாகக் கல்லை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார்.

"மீன் இல்லீங்களே" என்று ஏமாந்த மாதிரி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்தில் தாஸ் அண்ணன் ரிடையர் ஆகும்வரை பாய்லரிலேயே இருந்தார். எனக்கு வேலை நிரந்தரமானது. ஆர்டரைக் கையில் வாங்கிய அன்றைக்கு லேப் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாய்க்கு மட்டும் மனத்தாங்கல், சிலிண்டர் குறைந்துவிட்டதே என்று.

யூனிட் பெரிதாகும் என்று நாங்கள் கண்ட கனவு நடக்கவில்லை. சில வருஷம் ஓடியது, பிறகு இடம் கைமாறியது, நான் இதே வேலைக்கு வேறு கம்பெனிக்குப் போனேன். ஓனர் சொன்ன காயலான் கடைக்கே டவர் போய்ச் சேர்ந்தது. எங்கள் கல்லில் கட்டிய வாட்ச்மேன் ரூம் மட்டும் கேட்டருகே அப்படியே இருந்தது. புது ஓனர் அதையும் முனுசாமியையும் வைத்துக்கொண்டார்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், பிள்ளைகளே. டவரைக் காட்டி யாராவது இவ்வளவு பிடித்தோம் என்று பெருமை பேசினால், கைகொடுத்துவிட்டு, பிடித்ததை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

நான் ரிடையர் ஆன பிறகு ஒருமுறை அந்த வழியாகப் போனபோது முனுசாமியோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். கோபுரமாகச் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று தூரத்திலேயே நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "நைனா, இங்க இன்னும் கேஸ் புடிக்கிறாங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.

முனுசாமி தன் ரூம் சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"புடிக்கிறதெல்லாம் நிறுத்தியாச்சு நைனா, நீ பயப்படாம வா. புடிச்சது மட்டும் உள்ளதான் கீது. அதுக்கு ஜாமீனே கெடையாது."